நாலு சக்கரம் என்ற சொல்

காலை ஏழு ஐம்பது. பேருந்திலிருந்து இறங்கிப் பட்டறைக்கு நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது சந்தனம் பூசிய ஒரு மொட்டைத் தலை. விற்பனைக்காகச் சாலையோரம் நிறுத்தியிருந்த டிரெய்லர் ஒன்றின் அடியிலிருந்து அது மெல்ல வெளியே வந்தது. அதற்கு உரியவர் எழுந்து நின்று, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“யக்கா, இதுக்குக் கீய ஒரே ஒரு இருசுதான் கீது. இன்னொண்ண எலி தின்னுடுச்சா?”

அவர் பெயர் மோகன். பக்கத்தில் டிராக்டர் மேல் உட்கார்ந்து இலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தணிகாசலம். மோகன் தணிகாசலத்தின் அக்கா கணவர். எங்கள் மாநில எல்லைப் பக்கத்து வழக்கப்படி ‘பாவா’. விடியற்காலையில் மலைக்கோயிலுக்குப் போய், மோகன் முடி கொடுத்து, தரிசனம் முடித்து, நேராக எங்களிடம் வந்திருந்தார்கள். டிரெய்லர் வாங்க.

டிரெய்லர் பட்டறையின் ஆர்டர் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இரும்பின் தடிமன், வெல்டிங், ஸ்பிரிங் பட்டை எல்லாவற்றையும் மேஸ்திரிகள் சொல்லித் தருவார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து ‘ஒரு இருசா, இரண்டு இருசா’ என்று முடிவு சொல்லும் வேலையை எவரும் சொல்லித் தருவதில்லை. நான் பல ஆண்டுகள் அந்த முடிவைச் சொன்னேன். சிலவற்றைத் தவறாகச் சொல்லியிருப்பேன்; அவற்றால் டயர் தேய்ந்தது, வண்டி சேற்றில் நின்றது, வாடிக்கையாளர் திட்டிவிட்டுப் போனார். இங்கே எழுதப்போவது சரியாகச் சொன்ன ஒரு முடிவைப் பற்றி.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்கிறேன். டிராக்டர் பின்னால் இழுக்கும் டிரெய்லரை எங்கள் பக்கம் பெட்டி என்போம். இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் இரும்புத் தண்டு இருசு. ஒரு இருசுப் பெட்டி விலை குறைவு, குட்டையானது, குறுகிய இடத்தில் திரும்பும். ஆனால் தராசுக் கோல் போல அது ஒரே புள்ளியில் நிற்கிறது. பாரம் கொஞ்சம் பின்னால் போனால் முன்பக்கம் தூக்கும். டிராக்டரின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருசு வைத்த பெட்டி நீளமானது, அதிகப் பாரம் தாங்கும், தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும். திருப்பத்தில் அதன் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும். அதற்கு அகலமான வழி வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒரே இருசில் இந்தப் பக்கம் இரண்டு டயர், அந்தப் பக்கம் இரண்டு டயர். எண்ணினால் நான்கு. இரண்டு இருசுப் பெட்டியிலும் எண்ணினால் நான்கு. எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்: ‘நாலு சக்கரம்’. வாங்குபவரும் விற்பவரும் கரும்பு ஏற்றுபவரும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள். எவர் மனதில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதை நீங்கள்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

தணிகாசலம் இலையை மடித்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். திருவாலங்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைச் சாலையில் அவருடைய ஊர். கரும்பு வைத்திருந்தார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால் சொன்ன நாட்களுக்குள் வெட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முந்தைய பருவத்தில் வாடகைப் பெட்டி வருகிறேன் வருகிறேன் என்று வராமலே இருந்துவிட்டது. வெட்டிப் போட்ட கரும்பு கட்டோடு காய்ந்து, எடை இறங்கிப் போனது.

“இந்த வருசமும் காஞ்சிதுன்னா, அம்மா நெலத்த மனை போடறவங்களுக்குக் குடுத்துடும் மேடம். ஆளு வந்து பாத்துட்டுப் போயிட்டான். கல்லு நடறது ஒண்ணுதான் பாக்கி.”

“அதான் நாலு சக்கரமா ஒண்ணு குடு யக்கா. ரெண்டே நடையில மொத்தத்தையும் வாரிகினு பூடுவோம்” என்றார் மோகன்.

“இவரு வாரிகினு போவாரு. கரும்ப எவன் வெட்டுவான்?” என்றார் தணிகாசலம்.

“நீ வெட்டு, நான் ஓட்டறேன். உங்கக்காவைக் கட்டிகினதுலேர்ந்து அதான நடக்குது.”

வாடிக்கையாளர் முதலில் பாரத்தைச் சொல்வார். நீங்கள் வழியைக் கேளுங்கள். பெட்டி எங்கே நிற்கும், எந்தச் சந்தில் நுழையும், பாரத்தோடு எங்கே ஏறும், எங்கே இறங்கும். நான் கேட்டேன். வயலிலிருந்து ஊருக்குள் ஒரு சந்து, சந்தில் ஒரு திருப்பம், பிறகு ஏரிக்கரை ஏற்றம், கரைக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை. திருப்பம் எவ்வளவு என்று கேட்டதற்குத் தணிகாசலம் கையை விரித்துக் காட்டினார். மோகன் அதைவிட அகலமாக விரித்துக் காட்டினார். நான் அடுத்த நாளே நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொன்னேன். நாங்கள் மேசையிலேயே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் எங்கள் முதலாளி. உங்கள் முதலாளியும் அப்படித்தான் இருப்பார். ஆனாலும் நேரில் போய்ப் பாருங்கள்.

எங்கள் பட்டறை மேஸ்திரியும் நானும் அவருடைய இருசக்கர வண்டியில் போனோம். சந்து பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பெட்டியின் நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, முனைக்கு ஒருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு திருப்பத்தில் நடக்கவிடுவார். முன்னால் நடப்பவர் டிராக்டர். மூங்கில் எந்தச் சுவரில் இடிக்கிறதோ அங்கே பெட்டியும் இடிக்கும். இரண்டு இருசுப் பெட்டியின் நீளத்துக்கு வெட்டிய மூங்கிலை மோகனும் தணிகாசலமும் தூக்கிக்கொண்டார்கள். மோகன் ‘அரோகரா’ என்று கூவிக்கொண்டு முன்னால் போனார். திருப்பத்தில் மூங்கில் ஒரு சிறிய கட்டடத்தின் மூலையில் இடித்து நின்றது. இன்னும் கொஞ்சம் வளைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் ஒரு வீட்டுப் படி. நடுவில் வழி இல்லை.

இடித்த கட்டடம் ஒரு கழிப்பறை. அதன் சொந்தக்காரர் ஏகாம்பரம் வெளியே வந்தார். தணிகாசலத்தின் பெரியப்பா மகன். பங்காளி.

“இன்னா, எங்கூட்டு கக்கூஸுக்கு அளவெடுக்கிறீங்களா?”

“இல்ல மச்சான். மொட்ட போட்டாச்சு, காவடி பாக்கி இருந்திச்சு” என்றார் மோகன்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அந்த மூலையைக் கொஞ்சம் இடித்து உள்ளே தள்ளிக் கட்டினால் போதும், கட்டும் செலவைத் தணிகாசலம் ஏற்றுக்கொள்வார் என்றேன். அவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

“எம் பொண்ணு பெரியவளானப்ப வெளிய போவ வெக்கப்பட்டா மேடம். அந்தப் பக்கம் ரெண்டடி எடம் குடுன்னு இவுங்கப்பாருகிட்டக் கேட்டேன். ஒரு பிடி மண்ணு தரமாட்டேன்னாரு. அப்பறம் எம் மூலையில நானே கட்டிகினேன். இப்ப அத்த இடிச்சாதான் இவுங்க வண்டி திரும்பும்னா, திரும்பவே வாணாம்.”

“அப்பா போயிட்டாருண்ணே” என்றார் தணிகாசலம்.

“சுவுரு போவலியே.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேஸ்திரி மூங்கிலை அறுத்துக் குட்டையாக்கினார். ஒரு இருசுப் பெட்டியின் நீளம். இந்த முறை மூங்கில் திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு போனது.

அங்கிருந்து ஏரிக்கரைக்கு நடந்தோம். ஊர்ப்பக்கமிருந்து ஏறும் சரிவு குட்டையானது, ஆனால் செங்குத்து. மேலே ஒரு வண்டி அகலம். இடப்பக்கம் ஏரி, பாதி தண்ணீர். மேஸ்திரி சரிவின் நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “பாரம் கம்மியா இருந்தா ஏறும்” என்றார்.

இரண்டு இருசுப் பெட்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டுக் கரும்பைத் தலைச்சுமையாகக் கொண்டுவரலாமே என்று கேட்டேன். தணிகாசலம் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவ்வளவு தூரம் சுமக்க வெட்டு ஆட்கள் வரமாட்டார்கள். நான் கேட்டது தவறு இல்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எல்லாம் சாத்தியிருக்கின்றன என்று தெரிந்துகொள்வதுதான் பல நாட்களில் இந்த வேலை.

மறுபடி மேசை. முதலாளி அடுத்த அறையிலிருந்து, “முடிஞ்சுதா இல்லியா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். தணிகாசலத்தின் அலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அவருடைய அம்மா. அப்போது மோகன் நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

“அப்ப ஒரே இருசுல இந்தாண்ட ரெண்டு, அந்தாண்ட ரெண்டுன்னு டயரப் போட்டுக் குடேன் யக்கா. பொட்டி குட்டையா இருக்கும், சந்துல திரும்பும். நாலு சக்கரமும் ஆயிடும்ல?”

கேட்பதற்கு நல்ல யோசனை. டயர்கள் தாங்கவும் செய்யும். ஆனால் கரும்பு ஏற்றுபவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டு சக்கரப் பெட்டி என்றால் பக்கக் கம்பத்தின் தலை மட்டத்தோடு நிறுத்துவார்கள். நாலு சக்கரம் என்றால் கம்பத்துக்கு மேலே இன்னொரு ஆள் உயரம் அடுக்குவார்கள். அடுக்கும் உயரத்தை முடிவு செய்வது அந்த ஒரு சொல். ஒற்றை இருசின் மேல் அந்த உயரத்தை வைத்து ஏரிக்கரையில் ஏற்றினால் பாரம் முழுவதும் பின்னால் சாயும்.

“நாம சொல்லி வெச்சா கேக்கமாட்டாங்களா?” என்றார் தணிகாசலம்.

மேஸ்திரி வாசலில் நின்றபடியே பதில் சொன்னார். “ஏத்தறவன் குனிஞ்சு இருசப் பாக்கமாட்டான்பா. நின்னுகினே சக்கரத்த எண்ணுவான்.”

நான் முடிவைச் சொன்னேன். ஒரு இருசு, இரண்டு டயர். அதற்குமேல் வேண்டாம். நடை கூடுதலாகும், பெட்டி சொந்தமானது என்பதால் காத்திருக்க வேண்டியதில்லை. யார் பார்த்தாலும் அது இரண்டு சக்கரப் பெட்டியாகவே தெரியும். யாரும் அதிகம் ஏற்றமாட்டார்கள். முதலாளி பிறகு என்னைக் கூப்பிட்டு, “கேட்டதப் போட்டுக் குடுக்காம புத்தி சொல்லிகினு இருந்தா, எல்லை தாண்டிப் போய்ப் போட்டுக்குவான்” என்றார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது பொய்யில்லை.

பெட்டி தயாரானதும் மேஸ்திரியும் நானும் கூடவே போனோம். கம்பத்தின் தலை மட்டத்துக்குக் கரும்பு ஏற்றினால் வரும் எடைக்குச் செங்கல் ஏற்றி, மோகனை ஓட்டச் சொன்னோம். தணிகாசலம் கையில் ஒரு கட்டையோடு பெட்டிக்குப் பின்னால் நடந்தார். உருண்டால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. டிராக்டர் ஒரு முறை இருமியது, ஏறிவிட்டது. கரை மேல் நிறுத்தி மோகன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். “யக்கா, நீ சொன்னா சொன்னதுதான்!”

நான் அன்று மகிழ்ச்சியாகத் திரும்பினேன். சரியான முடிவுக்கு ஆயுள் பெட்டி நம் வாசலைத் தாண்டும் வரைக்கும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தை மாதத்தில் வெட்டு உத்தரவு வந்தது. முதல் நடை நன்றாகப் போனது. ஆனால் ஆலைக்கு வெளியே வண்டிகள் வரிசையில் நின்றன. ஒரு பாரத்தை இறக்கித் திரும்புவதற்குள் ஒரு பகல் போனது. வெட்டு ஆட்கள் நிற்கவில்லை. அவர்களுக்கு அடுத்த ஊரில் வேலை காத்திருந்தது. வெட்டிய கரும்பு வயலில் குவிந்தது. மேல் தோகை வெளுத்தது. தணிகாசலத்தின் அம்மா வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாராம். இதையெல்லாம் பிறகு தணிகாசலம் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் முற்பகலில் மேசை மேல் என் அலைபேசி அடித்தது. மோகன். பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம். எங்கள் கிரைண்டர் சத்தம் இல்லை.

“யக்கா, கோச்சிக்காத. எல்லைக்கு இந்தாண்ட ஒரு பட்டறையில நின்னுகினு கீறேன். சக்கரத்து ஹப்ப மாத்தி நாலு டயரா ஆக்கிட்டேன். தணிகாவுக்கும் தெரியாது. பாவா குடுக்கற சீருன்னு வெச்சுக்கட்டும்.”

“மோகன், கம்பத்துக்கு மேல ஒரு கரும்பு ஏத்தக்கூடாது. கேக்குதா?”

“கேக்குது யக்கா.”

“ஏத்தறவங்க நாலு சக்கரம்னு பாத்து அடுக்குவாங்க. நீங்க கூட நின்னு நிறுத்தணும்.”

“சரி யக்கா. சரி, சரி. நீ டீ சாப்டியா?”

உடனே தணிகாசலத்தை அழைத்துச் சொன்னேன். “நாலு டயரா?” என்று கேட்டார். பிறகு, “வாணாம்னு எப்படி மேடம் சொல்றது? காயுது, கண்ணால பாத்துகினே கீறேன். அதிகம் ஏத்த விடமாட்டேன்” என்றார். வேறு யாரை அழைத்திருக்கலாம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அப்படி ஒருவர் இல்லை.

அடுத்த நாள் மதியம் அது நடந்தது. பட்டறையில் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். நான் மாலையில் போய்ப் பார்த்தபோது சரிவில் டிராக்டரின் பின்சக்கரங்கள் சுற்றிய இடத்தில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, சக்கரம் தரையைத் தொடாமல் போன இடத்தில், மண் அப்படியே இருந்தது. பாதி ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்ந்து, பெட்டியின் முன்பக்கம் எழும்பி, கொக்கி டிராக்டரின் பின்புறத்தைத் தூக்கிவிட்டது. பிடிப்பு போன வண்டியைப் பெட்டி கீழே இழுத்தது. தணிகாசலம் முட்டுக் கட்டையைப் போட்டார்; பெட்டி அதன் மேல் ஏறி, ஏரிப்பக்கம் திரும்பி, டிராக்டரையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. மோகன் ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தார். கரும்பைத் தூக்கி எறிந்து அவரை வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை.

வெட்டு ஆட்களின் தலைவர் கரையில் உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் கம்பத்தோடு நிறுத்தச் சொன்னது உண்மை என்றார். “சொன்னாரும்மா. நாலு சக்கரத்துக்கு நாங்க காலங்காலமா ஏத்தாத ஏத்தமான்னு சொன்னோம். செத்தவரே, வுடு தணிகா, ஒரு நடை மிச்சம்னு சொல்லி ஏறி ஒக்காந்தாரு.” அவர் சொல்லும்போது யாரையும் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே அவருக்கு என்ன தவறு என்று புரியவில்லை. நான் குனிந்து, கவிழ்ந்த பெட்டியின் அடியில் இருந்த ஒற்றை இருசைக் காட்டினேன். அவர் பார்த்தார். “ஆங், ஒண்ணுதான் கீது” என்றார்.

காரியம் முடிந்த சில நாட்களில் ஒரு பெண் பட்டறைக்குள் நேராக நடந்து வந்தார். பின்னால் தணிகாசலம். அவர் வாசலுக்கு உள்ளே வரவில்லை. வந்தவர் அவருடைய அக்கா வசந்தா என்று சொல்லாமலே தெரிந்தது.

“மேசையில ஒக்கார்றது நீதானா?”

“நான்தான்.”

“ஒத்த இருசுல நாலு சக்கரம் வெச்சுக் குடுத்தது நீதான? தம்பி சொன்னான். ஊரு மொத்தமும் அந்த டயரப் பத்திதான் பேசுது. இங்க வாங்குனப்பவே அப்படித்தான் இருந்திச்சின்னு சொன்னான்.”

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஓடிய கிரைண்டரை மேஸ்திரி நிறுத்திவிட்டார். முதலாளியின் அறைக் கதவு பாதி திறந்தது.

முடிவு சொல்லும் வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்வதாக ஆரம்பித்தேன். ஒரு முடிவுக்கு எனக்குக் கிடைத்த மிகக் குறைந்த நேரம் இதுதான். இல்லை என்று சொன்னால், அவருடைய கணவர் தானே போய் அந்த டயர்களை மாட்டிக்கொண்டார் என்பது அவருக்குத் தெரியவரும். தன் தம்பிக்கு உதவப் போய் மாட்டியது என்பதும், தம்பிக்கு அது முன்பே தெரியும் என்பதும் தெரியவரும். பிறகு அவருக்குத் தம்பியும் இல்லை. ஆமாம் என்று சொன்னால், திட்டுவதற்கு ஒரு பட்டறையும் ஒரு மேசையும் இருக்கும். அந்தப் பெண்ணிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

“ஆங்” என்றேன்.

“உம் புள்ளய ஏத்துவியா அந்த வண்டியில?”

அவர் குனிந்து முற்றத்து மண்ணை இரண்டு கைகளிலும் அள்ளினார். எங்கள் முற்றத்து மண்ணில் இரும்புத் தூள் கலந்திருக்கும், வெயிலில் மினுங்கும். அதை மேசை மேலும் என் மேலும் வீசிவிட்டு, “வெளங்கமாட்டீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தணிகாசலம் ஒரு கணம் நின்றார். கும்பிடப்போனவர்போல் கை பாதி எழுந்தது. பிறகு அவரும் போய்விட்டார்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். “பேரு போச்சு” என்றார். ஆனால் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மேஸ்திரி அன்று முழுவதும் வெல்டிங்கிலேயே இருந்தார். மாலையில் கிளம்பும்போது, “அந்தப் பொட்டி நம்ம கைய வுட்டுப் போறப்ப நல்லா இருந்திச்சு மேடம்” என்றார். அவர் அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை அந்த மேசையில் ‘நாலு சக்கரம்’ என்ற சொல்லை யாரையும் சொல்ல விடவில்லை. வருபவர் சொன்னால், “எத்தனை இருசு?” என்று திருப்பிக் கேட்பேன். சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கோபம் வந்தது. நீங்களும் கேளுங்கள். கேட்பதால் என்ன பயன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாசலுக்கு வெளியே எல்லோரும் பழைய சொல்லைத்தான் சொல்கிறார்கள். விழாவுக்கு மலைக்குப் போகும் கூட்டத்தோடு அந்த ஊர்க்காரர்கள் எங்கள் பட்டறையைத் தாண்டிப் போவதுண்டு. சிலர் என்னை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஊரிலிருந்து பெட்டி கேட்டு எங்களிடம் வந்தவர் அதன் பிறகு ஒருவரும் இல்லை.

தணிகாசலம் நிலத்தை விற்கவில்லை. இப்போதும் கரும்புதான். அடுத்த பருவத்துக்கு முன்பே அவர் வேறு பெட்டி வாங்கிவிட்டார். எல்லை தாண்டி, மோகன் போன அதே பட்டறையில் செய்தது. இருசு ஒன்று, டயர் நான்கு.